பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் ஓடிய ஆறு

கொடியில் காயும் ஈரச்சேலையை ஒரே இழுப்பில் உருவினால் எழுகிற ஓசை போல, பக்கத்து வகுப்பின் சுவரைத் தாண்டி அந்த ஓசை வரும். கரும்பலகையில் வைத்த சாக்பீஸை எடுக்காமல், கட்ச் வளைகுடாவில் புறப்பட்டு, மேற்குக் கரையோரமாக இறங்கி, குமரியில் திரும்பி, கிழக்குக் கரையில் ஏறி, வங்காளத்துச் சதுப்புகளில் நெளிந்து, பனிமலைகளின் தோளில் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் வரை அறுபடாத ஒரே நீண்ட ஓசை. அது முடியும் மட்டும் நான் என் வகுப்பில் செய்யுளை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன், என் பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள், ஓசை நின்றதும் இரண்டு வகுப்புகளும் சேர்ந்து மூச்சை விடுவோம். அது மங்களேஸ்வரி டீச்சர் இந்தியாவை வரைகிற ஓசை.

நெடுங்கரை என்கிற எங்கள் ஊருக்குப் பெயரில்தான் கரை. ஆறு எங்களைத் தொடாமல் வெகுதூரத்தில் மணலாகப் போகும். ஊருணி வருஷத்தில் பாதிக்கு மேல் வெடித்துக் கிடக்கும். கிணற்றில் ஊறுவது உப்பு, அதில் குளித்தால் சோப்பு நுரைக்காது, அதில் பருப்பைப் போட்டால் விறகு தீருமே தவிரப் பருப்பு வேகாது. நல்ல தண்ணீர் டேங்கர் லாரியில் வரும், இல்லையென்றால் சிக்கந்தர் பாயின் தள்ளுவண்டியில் வரும், இரண்டும் வராத நாளில் பெண்கள் ஓடை மணலைத் தோண்டி, ஊறுகிற ஊற்றுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் விடுவார்கள். இப்படிப்பட்ட ஊரின் பெண்கள் பள்ளியில் மங்களேஸ்வரி டீச்சர் இளம்பெண்ணாக வேலைக்கு வந்து, தலை முழுக்க வெளுத்து ஓய்வு பெறும் வரை ஆறுகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். பாடத்துக்குச் சமூக அறிவியல் என்று பெயர் மாறிய பிறகும் அவருக்கு அது பூகோளம்தான்.

வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்வந்த பெண்ணிடம் சாப்பாடு எப்படி, சேலை எப்படி என்று கேட்கமாட்டார். போகும்போது வெயில் பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்பார். சொல்லத் தெரியாதவள் அடுத்த முறை கவனித்துவந்து சொல்வாள், அவள் கவனிப்பதைப் பார்த்து அவளுடைய அம்மா கவனிப்பாள், அம்மாவைப் பார்த்துச் சித்தி கவனிப்பாள். எங்கள் ஊர்ப் பெண்கள் பஸ்ஸில் கால் வைக்குமுன் வானத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு நிழல் விழப்போகிற பக்கமாகப் போய் உட்காருவார்கள் என்று கண்டக்டர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தவர்களும் தங்கள் பெண்டாட்டிமாரை அந்தப் பக்கத்தில்தான் உட்காரவைத்தார்கள்.

அவர் வரைகிற வைகையில் எப்போதும் தண்ணீர் உண்டு. வருசநாட்டு மலையிலிருந்து கடல் வரை நீலச் சாக்பீஸால் இழுப்பார். பின்வரிசையிலிருந்து எவளாவது, அங்கே மணல்தானே கிடக்கிறது என்று சிரித்தால், "தண்ணி வராம இருக்கலாம். ஆறு எங்கிட்டும் போயிறலை" என்பார்.

எங்கள் ஊரில் தண்ணீர் வரிசையில் ஆள் நிற்பதில்லை, குடம்தான் நிற்கும். ஆனால் குடத்துக்குப் பின்னால் அதைக் காவல் காக்க ஒருத்தி உட்கார்ந்திருக்கவேண்டும், இல்லையென்றால் பின்னால் இருப்பவள் காலால் எற்றிவிடுவாள். காவலுக்கு உட்காருகிறவள் அநேகமாகப் பள்ளிக்கூடம் போகிற வயதுப் பெண்ணாக இருப்பாள். மங்களேஸ்வரி டீச்சர் வேலைக்கு வந்த புதிதில், காலை மணி அடிப்பதற்கு முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு வரிசை முழுக்க நடந்து, அப்படி உட்கார்ந்திருக்கிற பெண்ணின் குடத்துக் கழுத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, எழுந்து வா என்பார். கோடு போட்ட குடத்தைப் பின்னால் இருக்கிறவள் தள்ளிக்கொண்டு போய், பிடித்து, ஓரமாக வைக்கவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி கோடு போட்ட குடத்தை வேண்டுமென்றே எற்றிவிட்டாள். டீச்சர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்தக் குடத்தை நிமிர்த்தி வைத்து, அதன் பின்னால் கஞ்சி போட்ட சேலையோடு புழுதியில் உட்கார்ந்து, முதல் மணி அடித்து, இரண்டாம் மணி அடித்து, லாரி வரும் வரை உட்கார்ந்திருந்து, குடத்தை நிறைத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் கோடு போட்ட குடத்தை எற்றியதில்லை. ஒரு தலைமுறைப் பெண்கள், பிறகு அவர்கள் பெற்ற பெண்கள், அந்தக் கோட்டின் பலத்தில் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிற ஆசிரியை கடைசியாகப் பலகையில் எழுதியதை யாரும் அழிக்கமாட்டார்கள். கோடை விடுமுறை முழுக்க அது அப்படியே இருக்கும். ஜூனில் அந்த இடத்துக்கு வருகிற புதியவர்தான் அதை அழித்துவிட்டுத் தன் பாடத்தைத் தொடங்கவேண்டும். மங்களேஸ்வரி டீச்சர் பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் கடைசியாக வரைந்தது தமிழ்நாட்டின் ஆறுகளை. மற்ற ஆறுகளை வெள்ளையில் போட்டு வைகையை மட்டும் நீலத்தில் போட்டிருந்தார். சந்தன மாலையும் சுவர்க்கடிகாரமும் பொன்னாடையுமாக அவரை வழியனுப்பினோம். தலைமையாசிரியை எஸ்தர் ஜெபமணி அழுதுகொண்டே பேசி, பேச்சை முடிக்காமலே உட்கார்ந்துவிட்டார். அறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினோம்.

சித்திரை வெயிலில், பூட்டிய அறையைப் பெருக்கப் போன பள்ளி ஆயா ராக்கம்மா, பலகையில் நீலக்கோடு மட்டும் மினுங்குவதைப் பார்த்தாள். தொட்டாள், ஈரம். மறுநாள் பலகையின் கீழ் ஓரத்தில், ஆறு கடலைத் தொடுகிற இடத்தில், ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மறுநாள் தரையில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. அவள் அதைத் துணியால் ஒற்றிப் பிழிந்துவிட்டு, வீண்போகிறதே என்று ஒரு தூக்குவாளியை அடியில் வைத்தாள். சாயங்காலம் வாளி நிறைந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் அதில் பருப்பைப் போட்டாள். பருப்பு மலர்ந்து வெந்தது. வெந்த பருப்பின் வாசம் அவள் தெருவில் அதுவரை யாரும் அறியாதது. அது சுவரேறிப் பக்கத்து வீட்டுக்குள் இறங்கி, அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போய், தெருக்கோடி வரை நடந்தது. இருட்டுவதற்குள் தெருவே ராக்கம்மாவின் வாசலில் வந்து நின்று, எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டது. பத்தாம் வகுப்புத் தண்ணீர் என்று அவள் சொன்னாள்.

காரணம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வரிசையில் கடைசியில் நிற்கவேண்டியிருந்ததால் யாரும் அதிகம் காரணம் கேட்கவில்லை. ஜூனில் புதிய ஆசிரியை வந்தார். வழக்கப்படி பலகையை அழிக்க டஸ்டரோடு வகுப்புக்குள் நுழைந்தவர், வாசலிலிருந்து மைதானம் தாண்டிக் கேட் வரை நிற்கிற குடங்களைப் பார்த்தார், நீலக்கோட்டின் நுனியிலிருந்து கயிறு போல இறங்குகிற தண்ணீரைப் பார்த்தார், டஸ்டரை மேசையில் வைத்துவிட்டுத் தான் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குப் போய் ஒரு குடத்தை எடுத்துவந்தார்.

பிறகு எல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்தது. பிழைப்புப் போன சிக்கந்தர் பாய் வரிசைக்குக் காவலரானார், அவர் விசிலுக்கு எல்லாரும் கட்டுப்பட்டார்கள். பலகையின் மேல் ஓரத்தில் யாரோ வேப்பிலை செருகிக் குங்குமம் வைத்தார்கள். எஸ்தர் டீச்சர் ஒரு நாள் முழுக்க யோசித்து, ஆற்றின் மேல் படாமல் வைத்துக்கொள்ளலாம் என்றார். அளவு பார்க்க வந்த இன்ஜினியர் பலகையைத் தட்டிப் பார்த்தார், சுவருக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தார், அங்கே என் வகுப்புத்தான் இருந்தது, நீரின் ஆதாரம் பத்தாம் வகுப்பு ஆ பிரிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு கேன் பிடித்துக்கொண்டு போனார். ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களிலிருந்து சில பெரியவர்கள் வேன் வைத்து வந்து, தங்கள் பங்குத் தண்ணீர் இங்கே வந்துவிடுகிறதா என்று நெடுநேரம் பலகையை ஆராய்ந்தார்கள். அணையெல்லாம் அதனதன் இடத்தில் சரியாகப் போட்டிருக்கிறது என்று திருப்தியாகி, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் தலைமுடி மிருதுவானது. சோப்பு நுரைத்தது. நெடுங்கரைக்குப் பெண் கொடுக்கமாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஊர்கள் ஜாதகம் அனுப்பின.

வகுப்பறை தண்ணீருக்குப் போய்விட்டதால் பத்தாம் வகுப்பு ஆ பிரிவு சைக்கிள் ஷெட்டுக்குப் போனது. அங்கே முதலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தாய்மார், பிள்ளை பள்ளியில்தானே இருக்கிறாள், தண்ணீரும் பள்ளியில்தானே இருக்கிறது என்று கணக்குப் போட்டு, புத்தகப்பையோடு குடத்தையும் கொடுத்தனுப்பினார்கள். பெண்கள் சீருடையோடு வரிசையில் நின்றார்கள். வளாகத்துக்குள்தான் நிற்கிறார்கள் என்பதால் வருகை போடப்பட்டது. பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து அப்படியொரு வருகை இருந்ததில்லை, ஒருத்தி பாக்கியில்லாமல் தினமும் எல்லாரும் வந்தார்கள். அதற்காக எங்கள் பள்ளிக்கு மாவட்டத்தில் ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

மங்களேஸ்வரி டீச்சர் இதில் எதையும் பார்க்கவில்லை. ஓய்வு பெற்றவர் பள்ளிப்பக்கம் போய் நின்றால் புதியவருக்குக் கூச்சமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், கல்யாணம் செய்துகொள்ளாத அவர் தனியாக இருந்தார். தன் கோட்டில் தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டபோது, எந்த ஆற்றில் என்று மட்டும் கேட்டாராம். வைகை என்றதும் தலையை ஆட்டிக்கொண்டாராம். ஊர் அவருக்குத் தினமும் முதல் குடத்தை அனுப்பியது. வழியில் காலில் விழுகிறவர்கள் பெருகியதால் கடைத்தெருவுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டார்.

ஐப்பசி மழையும் பொய்த்துப்போன அந்த வருஷம், ஒரு நாள் காலை, இரண்டாவது பாடவேளை நடக்கவேண்டிய நேரத்தில், முதல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பூமயில் மாடியேறி வந்தாள். டீக்கடைகளுக்குத் தண்ணீர் சுமக்கிற இருளாயியின் மகள், பத்தாம் வகுப்பு ஆ பிரிவு. ஒன்பதாம் வகுப்பில் டீச்சரிடம் படித்தவள். சீருடையில் இருந்தாள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப என்ன பாடம் உங்களுக்கு?"

"தண்ணிப் பீரியடு, டீச்சர்."

"அதுக்கு அடுத்தது?"

"அதுவும் தண்ணிதான். மத்தியானம் கொஞ்ச நேரம் கணக்கு. அதுக்குள்ள எங்கம்மா ரெண்டாம் நடைக்குக் கூப்பிட்டுரும்."

குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவள் வருத்தமில்லாமல் சொன்னாள்: அரையாண்டுப் பரீட்சையில் தேறவில்லையென்றால் தையில் மாமனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுவதாக அம்மா சொல்லியிருக்கிறாள், தேற வழியில்லை, மாமன் நல்லவர்தான், பரமக்குடியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார், அவருக்கு முன்பல் ஒன்று இல்லை, அவ்வளவுதான். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கேட்டார்:

"வைகை எங்க பொறக்குது, சொல்லு?"

பூமயில் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"நம்ம பள்ளிக்கூடத்துல, டீச்சர்."

மங்களேஸ்வரி டீச்சர் எழுந்து குடையை எடுத்தார்.

அன்று மத்தியானமே பள்ளி மைதானத்தில் ஊர் கூடிவிட்டது. வகுப்பைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள் என்று டீச்சர் கேட்டதும், பேரூராட்சித் தலைவர் தனக்கு ஒரு யோசனை இருப்பதாகச் சொன்னார்: ஆறு இருக்கட்டும், பள்ளிக்கூடத்தை மெயின்ரோட்டுப் பக்கம் மாற்றிக் கட்டிவிடலாம், அடிக்கல்லுக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. கல்லில் தலைவர் பெயரை வெட்டி முடிப்பதற்குள் இந்தப் பிள்ளைகள் பேரன் பேத்தி எடுத்துவிடுவார்கள் என்று சிக்கந்தர் பாய் சொல்ல, தலைவரும் சேர்ந்து சிரித்தார். பலகையைப் பெயர்த்துக் கொண்டுபோய்விடலாம் என்றார்கள் சிலர். அது மரப்பலகையல்ல, சிமென்ட் பூசிக் கறுப்படித்த சுவர். கொத்தனார் உளியை ஓரத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். தண்ணீர் செந்நிறமாகக் கலங்கி வந்தது. உளியைக் கீழே போட்டுவிட்டார்.

இருளாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"குடுத்தவுக நீங்கதான். நீங்களே புடுங்குவீகளா? எனக்கு இடுப்பு தேஞ்சுபோச்சு, டீச்சர். நீங்க மாடியில இருக்கீக. உங்களுக்கு மொதக் குடம் வந்துருது."

தண்ணீர் விழுகிற ஓசை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"வருது," என்றார் டீச்சர். "அதைத் தூக்கிட்டு வந்தது ஒம் மக, இருளாயி. படிக்கிற நேரத்துல."

"படிச்சு என்னத்த ஆகப்போறா?"

"அது எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாது. அவளுக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்சுக்கிறதுக்கு அவளை விடுன்னுதான் கேக்குறேன்."

பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னார், ஆற்றை நிறுத்தப்போவதில்லை, ஊருணிக்குத் திருப்பிவிடப்போகிறேன், கடலை மட்டும் அழித்துவிட்டு அங்கிருந்து கோட்டை நீட்டிக்கொண்டு போகிறேன், கையை எடுக்காமல் போனால் தண்ணீர் பின்னாலேயே வரும். கை எடுத்துவிட்டால் என்னாகும் என்று தலைவர் கேட்டார். ஊருணிக்கும் வராது, இங்கேயும் நின்றுவிடும் என்று டீச்சர் மறைக்காமல் சொன்னார். அப்போதுதான் எல்லாரும் அவருடைய முழங்கால்களைப் பார்த்தார்கள். அவை மாடிப்படி ஏறவே திணறுகிறவை. ஊருணியோ கடைத்தெருவையும் பஸ் போகிற ரோட்டையும் தாண்டி இருந்தது. வேண்டாம் என்று சொல்ல எல்லாரிடமும் காரணம் இருந்தது. நெடுநேரம் கழித்து ராக்கம்மா வரிசையின் முன்னாலிருந்த தன் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள். ஒரு காலத்தில் கழுத்தில் கோடு போட்ட குடத்துக்குச் சொந்தக்காரிகளாக இருந்த பெண்கள், இப்போது நரைத்தவர்கள், ஒவ்வொருத்தியாகக் குடத்தை ஓரமாக வைத்தார்கள். இருளாயி தன் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் வெயில் ஏறுமுன்னே தொடங்கினார். சேலைத் தலைப்பால் கடலைத் துடைத்தார். கடல் ஒரு கைக்குட்டை அளவுதான் இருந்தது. ஆற்றின் நுனியில் நீலச் சாக்பீஸை வைத்தார். பலகையின் சட்டத்தைத் தாண்டி, சுவரில் இறங்கி, நிலைப்படியில் ஏறி, வராந்தாவின் சிமென்ட் தரையில் மண்டியிட்டுத் தவழ்ந்து, அவர் கோட்டை இழுத்துக்கொண்டு வர, கோடு அவருக்குப் பின்னால் முதலில் மினுங்கி, பிறகு நனைந்து, பிறகு ஓடத்தொடங்கியது. ஒரு சாக்பீஸ் தீருமுன்னே அடுத்ததை அதோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார், ஊரின் எல்லாக் கடையிலிருந்தும் சாக்பீஸ் வந்தது, நீலம் தீர்ந்த இடத்தில் வெள்ளையில் போனார். படியிறங்கி மண்ணைத் தொடும்போதுதான் எங்களில் ஒருவருக்கும் முன்னாலேயே தோன்றாதது தோன்றியது: மண்ணில் சாக்பீஸ் எழுதாது. வாழ்நாளெல்லாம் மண்ணில் நடந்தவர்கள், வாழ்நாளெல்லாம் சாக்பீஸ் பிடித்தவர்கள், ஒருவரும் அதை நினைக்கவில்லை.

டீச்சர் கடைசிப் படியில் கையை ஊன்றியபடி அசையாமல் இருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சிக்கந்தர் பாய் ஓடிப்போய், பிழைப்பில்லாமல் நின்றிருந்த தன் தள்ளுவண்டியைக் கவிழ்த்து, பலகைகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து அவர் கைக்கு முன்னால் போட்டார். கோடு பலகையில் ஏறியது. அவ்வளவுதான், ஊர் வீட்டுக்கு ஓடியது. கதவுகளைக் கீலிலிருந்து கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தேக்குக் கதவும் தகரக் கதவும், மளிகைக் கடையின் நிரைப்பலகைகளும், கட்சி அலுவலகத்துப் பெயர்ப்பலகையும், எஸ்தர் டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசையும், பள்ளி பெஞ்சுகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தெருவில் படுத்தன, அவற்றின் மேல் எங்கள் டீச்சர் முழங்காலிட்டு, தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழ, மூச்சு இரைக்க, ஒரு கையை ஊன்றி மறுகையால் ஆற்றை அழைத்துக்கொண்டு போனார். பெண்கள் முறை வைத்து அவருக்குக் குடை பிடித்தார்கள், இடுப்பைத் தாங்கினார்கள், பின்னால் வருகிற ஆற்றிலேயே மொண்டு அவர் வாயில் விட்டார்கள். ரோட்டில் பஸ் நின்றது. ரோட்டைக் கடந்து முடியும் வரை டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிக் கைகட்டி நின்றார். பயணிகளில் ஒருவர்கூட நேரமாகிறது என்று சொல்லவில்லை.

வெயில் சாயும்போது ஊருணிக் கரை வந்தது. கரைச்சரிவில் ஒரு ஆள் நீளத்துக்கு மண் மிச்சமிருந்தது, போடுவதற்கு ஊரில் ஒரு கதவு மிச்சமில்லை. போட்ட கதவை எடுத்தால் கோடு அறுந்துவிடும். டீச்சரின் கையில் சாக்பீஸ் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தது, அதோடு சேர்த்துப் பிடிக்கப் பூமயில் ஒரு துண்டை நீட்டிக்கொண்டிருந்தாள், அதை வாங்குவதற்கு அவர் விரல்கள் விரியவில்லை. ஊரில் சாத்தியிருக்கிற ஒரே கதவு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, பெற்ற மகளும் சொல்லவில்லை. வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு ஒற்றையில் இருக்கிறவளிடம் வீட்டுக் கதவைக் கேட்பது எப்படி?

அப்போது தெருமுனையில் இருளாயி வந்தாள். பனம்பலகைக் கதவைத் தலையில் சும்மாட்டின் மேல் வைத்து, கையால் பிடிக்காமல், தண்ணீர் சுமக்கிற நடையிலேயே வந்தாள். கூட்டம் வழிவிட்டது. சரிவில் கதவை இறக்கி, ஆடாமல் இருக்க அடியில் கல் வைத்து, கையால் புழுதியைத் துடைத்துவிட்டாள்.

"எழுதுங்க," என்றாள். "சொரசொரப்பா இருக்கும். அழுத்தி எழுதுங்க."

அவளே உட்கார்ந்து டீச்சரின் விரல்களைப் பிரித்து, புதிய துண்டைப் பழைய துண்டோடு சேர்த்து வைத்து மூடினாள். மங்களேஸ்வரி டீச்சர் அந்தக் கதவின் மேல் அழுத்தி எழுதினார். பனஞ்செதில்களில் சாக்பீஸ் நொறுங்கி நொறுங்கி ஏறி இறங்கியது. ஊருணியின் விளிம்புக் கல்லில் கோடு முடிந்தது. அவர் கையை எடுத்தார். எடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் கல்லிலிருந்து வெடிப்புகளுக்குள் இறங்குவதை, வெடிப்புகள் ஒவ்வொன்றாக வாய் மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டும் வரை ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது.

தண்ணீருக்கு வழி பழகும் வரை நெடுங்கரையில் எந்த வீட்டுக்கும் கதவு இல்லை. ஆட்கள் எதிர்வீட்டுக் கட்டிலைப் பார்த்தபடி தூங்கினார்கள். சண்டை போட்டிருந்த இரண்டு குடும்பங்கள், எப்போதும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கிற சங்கடத்தாலேயே பேசத்தொடங்கின. திருட்டு எதுவும் நடக்கவில்லை, திருடுகிறவன் வீட்டிலும் கதவு இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை புதிய ஆசிரியை பயந்துகொண்டே பத்தாம் வகுப்புப் பலகையை அழித்தார். ஊருணியில் தண்ணீர் இறங்கவில்லை. கதவுகளை எடுத்துக்கொண்டு போனோம். சிலருக்கு மாறிப்போயிற்று, என் வீட்டுக் கதவு இப்போதும் நிலையில் சரியாக உட்காராது. ஊருணிக்கு நாலு பக்கமும் கரை இருப்பதால் வரிசை இல்லாமல் போயிற்று. வரிசை இல்லாததால் காவல் காக்க யாரும் தேவைப்படவில்லை. தலைவர் சொல்லிவைத்திருந்த அடிக்கல் வந்து சேர்ந்தபோது, எங்கே நடுவது என்று தெரியாமல், பெயர் எழுதிய பக்கத்தைக் கீழே வைத்துத் துவைகல்லாகப் போட்டார்கள். தலைவர் வீட்டுத் துணியும் அதில்தான் துவைபடுகிறது.

மங்களேஸ்வரி டீச்சரின் முழங்கால்கள் அதற்குப் பிறகு நிமிரவில்லை. மாடியிலிருந்து இறக்கி, எஸ்தர் டீச்சர் தன் வீட்டின் முன்னறையில் வைத்துக்கொண்டார். பார்க்கப் போகிறவர்களிடம் அவர் ஆற்றைப் பற்றிப் பேசவில்லை. எந்த பஸ்ஸில் வந்தாய், வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்றுதான் கேட்பார். அடுத்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஊருணிக் கரை வழியாகக் கொண்டுபோனோம். தூக்குவதற்கு அவ்வளவு பேர் முன்வந்ததால் யாருக்கும் பாரம் தெரியவில்லை.

பூமயில் அந்த அரையாண்டுப் பரீட்சையில் தேறவில்லை. ஆனாலும் இருளாயி தையில் கல்யாணம் வைக்கவில்லை, மாமன் வேறு இடத்தில் பெண் எடுத்தார். முழுப் பரீட்சையில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் தேறி, கணக்கை மறுபடி எழுதித் தேறினாள். இப்போது தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமத்தில் நர்ஸாக இருக்கிறாள்.